இரண்டாம் நாளும் எட்டுக் குட்டிச் சட்டிகளும்

ஸ்வோலே,
டிசம்பர் 27

அன்பும் மரியாதையும் மிக்க சம்பந்தியம்மா டீனெக்கே அவர்களுக்கு,

ஹார்மென் எழுதுவது. முழங்கால் வலியைத் தவிர இங்கே எல்லாம் சுகம். உங்கள் இருமல் விட்டிருக்கும் என்று நம்புகிறேன். முதலில் நன்றி. ஆளுக்கொரு சட்டியில் அவரவரே சமைத்துச் சாப்பிட நீங்கள் இரவல் கொடுத்த மேசை மின் அடுப்பையும் அதன் எட்டுக் குட்டிச் சட்டிகளையும் கழுவித் துடைத்துப் பார்சலில் அனுப்புகிறேன்.

நம் ஒப்பந்தம் நினைவிருக்கும். கிறிஸ்துமஸ் அன்று பிள்ளைகள் உங்கள் வீட்டில், மறுநாள் விடுமுறைக்கு எங்கள் வீட்டில் என்பது பதினொரு வருட வழக்கம். மார்ச்சில் என் மனைவி யோஹன்னா காலமான பிறகு, "ரெண்டு நாளும் இங்கயே வச்சுக்கலாம், நீங்களும் வந்துடுங்க" என்றீர்கள். இந்த ஒரு முறை நானே தனியாக விருந்து வைக்கிறேன், அதை எனக்கு ஒரு தேர்வாக வையுங்கள் என்று நான்தான் கேட்டேன். தேறினால் இனி இரண்டாம் நாள் என்னுடையது, தோற்றால் உங்களுடையது. முடிவை நேர்மையாகச் சொல்லவே இக்கடிதம்.

மகன் யெல்மரும் உங்கள் மகள் மார்லூஸும் பேத்தி ஃபென்னாவும் நேற்று ஒரு மணிக்கு வந்தார்கள், நான் கோழியைப் பொடிப்பொடியாக நறுக்கி, உங்கள் அடுப்பு ஒன்று, என் அடுப்பு ஒன்று, குளிருக்கு மின்கணப்பு ஒன்று என எல்லாவற்றையும் ஒரே ப்ளக் பலகையில் சொருகினேன், நாற்பது பிள்ளைகளை ஒரே கதவு வழியாக ஒரே நேரத்தில் ஓடவிட்டால் என்ன ஆகுமோ அது மின்சாரத்துக்கும் ஆயிற்று, ஃப்யூஸ் போய் வீடே இருண்டது, மாற்று ஃப்யூஸ் எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் யோஹன்னா.

"அப்பா, இந்தக் கோழி வெந்திருக்கா, இல்ல சும்மா கண்ண மூடிட்டிருக்கா?" என்றான் யெல்மர்.

"நீங்க சும்மா இருங்க. மாமா, ஒரு பக்கம் நல்லாவே வெந்திருக்கு" என்றாள் மார்லூஸ். உங்கள் வளர்ப்பு, அதற்கும் நன்றி.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் நம் ஊரில் திறந்திருப்பது மேசை நாற்காலிக் கடைகள்தானே. ஃப்யூஸ் கேட்கலாம், கதகதப்பாக உட்காரலாம், காபியும் இனாம் என்று கிளம்பினோம். வழக்கம்போல ஊரே அங்கே சோபா சோபாவாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. விற்பனையாளர் ஃப்யூஸ் தேடப் போனார். நாங்கள் ஒரு ஓக் மேசையில் உட்கார்ந்தோம். ஃபென்னா தன் பையிலிருந்து நான் செய்த புட்டிங்கையும், தட்டுக்குப் பதிலாக உங்கள் குட்டிச் சட்டிகளையும் எடுத்துப் பரப்பினாள்.

பசியில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு இளம் ஜோடி வந்து, "ஐயா, இதுல ஆறு பேர் உக்காரலாமா?" என்றார்கள். வாத்தியார் பழக்க தோஷம், உதாரணம் இல்லாமல் எனக்கு விளக்க வராது.

"நாங்க நாலு பேர். நீங்க ரெண்டு பேரும் உக்காந்தா தெரிஞ்சிடும்."

உட்கார்ந்தார்கள். புட்டிங் சாப்பிட்டார்கள். எழுந்துபோய் மேசையை வாங்கிவிட்டார்கள். விற்பனையாளர் ஓடி வந்து, "ஐயா, கோவிச்சுக்காதீங்க, கொஞ்சம் எந்திரிக்கிறீங்களா? நீங்க சாப்பிடற மேசை வித்துப்போச்சு" என்றார். நன்றிக்கு ஒரு ஃப்யூஸும் தந்தார். அது என் பெட்டிக்குப் பொருந்தவில்லை.

யெல்மர் சிரித்தான் பாருங்கள், மூக்கால் உறுமி, கண்ணில் நீர் வர, அச்சு அசல் அவன் அம்மாவின் சிரிப்பு. மார்ச்சுக்குப் பிறகு நான் அதைக் கேட்டதில்லை. நாலு பேரும் நின்றபடியே மீதிப் புட்டிங்கை முடித்தோம்.

இனி மதிப்பெண். சமையல் பத்துக்கு இரண்டு. வெளிச்சம் பூஜ்யம். சிரிப்பு பாடத்திட்டத்தில் இல்லை. முப்பத்தெட்டு வருடம் யாருக்கும் கருணை மதிப்பெண் போடாதவன் எனக்கே போட்டுக்கொள்வது அழகல்ல. தோற்றேன். இரண்டாம் நாளை மனப்பூர்வமாக உங்களிடம் ஒப்படைக்கிறேன். ஒரு முறையாவது எனக்கு விட்டுக்கொடுத்தீர்களே, அதை மறக்கமாட்டேன்.

புத்தாண்டில் உங்கள் வீடு சூடாகவும் விளக்கோடும் இருக்கட்டும்.

நன்றியுள்ள சம்பந்தி,
ஹார்மென்

பின்குறிப்பு: பார்சல் கட்டும்போது எண்ணினால் சட்டி ஏழுதான். ஃபென்னாவைப் போனில் கேட்டேன். "எட்டாவது என்கிட்ட இருக்கு தாத்தா. அடுத்த வருஷம் ரெண்டாம் நாள் உங்க வீட்டுக்கு வர்றப்போதான் தருவேன். பாட்டிக்கு வேணும்னா அங்க வந்து வாங்கிக்கச் சொல்லுங்க" என்கிறாள். ஆகவே மேலே எழுதிய ஒப்படைப்பை அடித்துவிட்டதாகக் கொள்ளவும். வரும்போது ஃப்யூஸ் கொண்டு வாருங்கள்.