கிருமிக்கு ஒரு ரேஷன் கார்டு

கீழச்சிவல்பட்டியில் ஒரு செட்டியார் வீட்டை வாடகைக்குப் பிடித்து நடந்த அரசு மருந்தாய்வுக் கூடத்தில், 1979-ம் வருஷக் கடைசியில், கிருமிகள் வேலைக்குத் தயாராகிவிட்டன. சீனிதான் வரவில்லை.

விஞ்ஞானி ஹபீப் ரகுமான் மூன்று வருஷம் மாய்ந்து மாய்ந்து உழைத்து, மனுஷ இன்சுலினுக்கான மரபணுவைக் கிருமிக்குள் நுழைத்திருந்தார். கூடவே ஒரு சுவிட்சு. ஒரு சிட்டிகை பால்சீனி போட்டால்தான் கிருமி இன்சுலின் செய்யும். அவர் தங்கை ஜன்னத்துக்குச் சர்க்கரை வியாதி. மாட்டு இன்சுலின் ஊசி போட்ட இடமெல்லாம் தடித்து வீங்கி, பாவம், ராத்திரி பகலாய் அவதிப்பட்டாள். இந்த மருந்து தேறினால்தான் அவளுக்கு விடிவு.

பால்சீனி கேட்டு ஹபீப் கொடுத்த மனுவை நிர்வாக அதிகாரி அழகுசுந்தரம் படித்தார்.

"சீனி கட்டுப்பாட்டுப் பொருளாச்சே?"

"இது பாலிலேருந்து எடுக்கிறது, சார்."

"இனிக்குமா?"

"லேசா இனிக்கும்."

"அப்பக் கிருமிக்குக் கார்டு வேணும். குடும்பத்துல எத்தனை பேரு?"

"சுமார் நானூறு கோடி."

"சுமார்னு எழுத ஃபாரத்துல இடமில்லை. எண்ணிட்டு வாங்க."

"எண்ணி முடிக்கிறதுக்குள்ள பெருகிரும் சார். இருபது நிமிஷத்துக்கு ஒருக்க ரெண்டு மடங்கு!"

அழகுசுந்தரம் பேனாவை வைத்துவிட்டார். "ரெண்டு பிள்ளை போதும்னு ஊரெல்லாம் சுவத்துல எழுதிப்போட்டு, சர்க்கார் கட்டடத்துக்குள்ளயே இந்தக் கூத்தா? குடும்பக் கட்டுப்பாட்டு சர்டிபிகேட்டு கொண்டாங்க. ஆமா, சீனி போடலைன்னா அதுக என்ன செய்யும்?"

"திங்கும், பெருகும். வேலை மட்டும் செய்யாது."

"அடடே, நம்ம ஆளுகதான்!" அதிகாரியின் முகத்தில் முதல் தடவையாகப் பாசம் தெரிந்தது. கிருமிகளை நிரந்தரமாக்கப் பரிந்துரைப்பதாகச் சொன்னார். சீனி மட்டும் தரவில்லை.

ஹபீப் வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னார். ஜன்னத் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "காரைக்குடி மருந்துக்கடையில அரை ரூவாய்க்கு விக்கிறாகளேண்ணே. வாங்கிப் போட்டா என்ன?"

ஹபீப் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினார். "அனுமதி இல்லாமலா? வேலை போயிரும், தெரியுமா?" பிறகு தங்கையின் வீங்கிய கையைப் பார்த்தார். மனசு கேட்கவில்லை. துணிந்து, நம்மில் எவரும் செய்யக்கூடிய ஒரு காரியத்தைச் செய்தார். சொந்தக் காசில் பால்சீனி வாங்க அனுமதி கோரி, அப்போதே மூன்று பிரதிகளில் விண்ணப்பம் எழுத உட்கார்ந்தார்.

ஜன்னத் கையைச் சொறிந்துகொண்டே எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் பொறுக்கவில்லை.

"மூணு பத்தாதுண்ணே. நாலு கேப்பாக. இந்தாங்க, கார்பன் தாளு."