பத்துக் கோப்பையும் ஒரு பெட்டி எலி மருந்தும்

“எந்திரிங்க! முதல்ல எந்திரிங்க!”

குமாஸ்தா போட்ட கூச்சலில், வீட்டுச் சாமான் ஏற்ற வந்து அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த லோடுமேனுக்குப் புரையேறிவிட்டது.

“என்ன சார், பழைய துணின்னுதானே எழுதியிருக்கு? மெத்துன்னு இருக்குமேன்னு உக்காந்தேன்.”

குமாஸ்தா பெட்டியில் காதை வைத்துக் கேட்டார். லேசாக ஆட்டிப் பார்த்தார். ஒரு சத்தம் இல்லை. அத்தனை பெரிய ஆள் உட்கார்ந்து எழுந்தும் சின்னக் கிணுகிணுப்புகூட இல்லையென்றால், பேக்கிங் என்றால் இதுவல்லவா பேக்கிங்! அவருக்கே தன்மேல் மரியாதை வந்தது.

ஏனென்றால், அவர் கணக்குப்படி அந்தப் பெட்டிக்குள் இருப்பது துணி இல்லை. மாமியாரின் பீங்கான் டீ செட்.

கல்யாணத்துக்கு மாமியார் கொடுத்தபோது பன்னிரண்டு கோப்பைகள். போன தடவை ஊர் மாறியபோது, “நம்ம ஆபீஸ் இருக்கறப்போ நீ ஏன் கவலைப்படறே?” என்று குமாஸ்தா அதைத் தான் வேலை பார்க்கும் பார்சல் ஆபீஸிலேயே போட்டார். நாலு பக்கமும் சிவப்பு மையில் ‘கண்ணாடி! கவனம்!’ என்று எழுதினார். பத்துக் கோப்பைகள் வந்து சேர்ந்தன. மற்ற இரண்டும் வராமல் இல்லை, தூளாக வந்தன.

இந்தத் தடவை மனைவி முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

“அம்மா சாயங்காலம் புது வீட்டுக்கு வர்றாங்க. அந்தக் கப்புலதான் டீ குடுக்கப் போறேன். ஒண்ணு உடைஞ்சிருந்தாலும் நீங்க இந்தப் பழைய வீட்டுலயே இருந்துக்குங்க. வீட்டுக்காரர்கிட்ட நானே பேசிக்கறேன்.”

அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை என்பது குமாஸ்தாவுக்குத் தெரியும். விளையாட்டாகச் சொல்லும்போது அவள் இவ்வளவு நிதானமாகப் பேசமாட்டாள்.

இருபத்திரண்டு வருஷம் பார்சல் ஆபீஸில் உட்கார்ந்து குமாஸ்தா கண்டுபிடித்த உண்மை ஒன்று உண்டு. ‘கவனம்’ என்று எழுதிய பெட்டியைத்தான் ஆட்கள் தேடிப் பிடித்து வீசுவார்கள். யாரோ முகம் தெரியாதவன் நமக்கு உத்தரவு போடுகிறானே என்கிற கடுப்பு. ஒன்றும் எழுதாத பெட்டி தன் பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். வேலை அதிகமான நாட்களில் தானும் ஒன்றிரண்டு வீசியிருப்பதை மட்டும் அவர் வீட்டில் சொன்னதில்லை.

ஆகவே ஒரே அளவில் இரண்டு பெட்டிகள் கொண்டுவந்தார். ஒன்றில் கோப்பைகளைச் செய்தித்தாளில் சுற்றி, இடுக்குகளில் காலுறைகளைத் திணித்து, வெளியே ‘பழைய துணி’ என்று சீட்டு ஒட்டினார். இன்னொன்றில் நிஜமாகவே பழைய துணிகளை அமுக்கி, ‘கண்ணாடி! கவனம்!’ என்று ஒட்டினார். லோடுமேனுக்குக் கை அரித்தால் அதை வீசி ஆற்றிக்கொள்ளட்டும். மனைவியிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பாள்.

காலையில், புது வீட்டைப் பெருக்கி வைக்க அவள் முன்னாலேயே கிளம்பிப் போனதும் நல்லதாகப் போயிற்று.

“துணி இல்லப்பா, புஸ்தகம். மாத்தி எழுதிட்டேன்” என்று லோடுமேனிடம் சமாளித்து, ‘பழைய துணி’யை அடித்துவிட்டு ‘புத்தகம்’ என்று எழுதினார். இனி யாரும் மெத்தென்று இருக்கும் என்று உட்கார மாட்டார்கள் அல்லவா?

உட்காரவில்லைதான். “புஸ்தகமா? அப்போ அடியில போடணும்” என்று லோடுமேன் அதை லாரித் தரையில் தள்ளிவிட்டு, அதன் மேல் வைக்க இரும்பு பீரோவைச் சாய்த்துக் கொண்டிருந்தார்.

குமாஸ்தா லாரிக்குள் பாய்ந்து பெட்டியை உருவி எடுத்தார். முழங்கால் சிராய்த்துவிட்டது.

“புஸ்தகமும் இல்லையா சார்? அப்போ என்னதான் இருக்கு உள்ள?”

யாரும் மேலே உட்காரக் கூடாது, எதையும் மேலே வைக்கக் கூடாது, கிட்டேயே வரக் கூடாது. அப்படி ஒரு பொருளை யோசித்தார்.

“எலி மருந்து” என்றார். சொன்னதோடு நிற்காமல் கொட்டை எழுத்தில் எழுதியும் வைத்தார்.

டிரைவர் எட்டிப் பார்த்தார்.

“சமையல் சாமானோட ஒரு பெட்டி எலி மருந்தா? பிள்ளைகுட்டிக்காரன் சார் நான். என் வண்டில ஏத்த மாட்டேன்.”

“பின்னால வேணாம். முன்னால உக்காந்து என் மடியில வச்சுக்கறேன்.”

“உங்க மடி என் பக்கத்துலதானே சார் இருக்கும்?”

உள்ளே பீங்கான் என்று உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால், இருபத்திரண்டு வருஷ அனுபவம் தெருவில் பறப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். குமாஸ்தா பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நடக்கத் தீர்மானித்தார். இரண்டு கிலோமீட்டர்தான்.

போகுமுன் லோடுமேனைத் தனியாகக் கூப்பிட்டார்.

“அந்தக் கண்ணாடிப் பெட்டி இருக்குல்ல? அதைப் பத்தி ரொம்ப அலட்டிக்காதீங்க. வேணும்னா தூக்கிக்கூடப் போடுங்க.”

லோடுமேன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “சரி சார்” என்றார்.

வெயில் மண்டையைப் பிளந்தது. எதிரே வந்தவர்கள் பெட்டியில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறினார்கள். ஒரு பெண்மணி மட்டும் வழி மறித்தாள்.

“அண்ணே, எனக்கொரு பாக்கெட் குடுங்களேன். எலித் தொல்லை தாங்க முடியல.”

“இது விக்கறதுக்கு இல்லம்மா.”

“அத்தனையும் உங்க வீட்டுக்கா?” என்று அவள் பரிதாபப்பட்டாள்.

மூன்றாவது மாடி ஏறியபோது குமாஸ்தாவின் கைகள் மரத்துப் போயிருந்தன. லாரி வந்து பாதிச் சாமான் இறங்கிவிட்டது. சாயங்காலம் வர வேண்டிய மாமியார் முன்னாலேயே வந்து, கூடத்தில் இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“என்னங்க இது, எலி மருந்து?” என்றாள் மனைவி.

“திறந்து பாரு. அப்புறம் பேசு.”

அவளே நாடாவை அறுத்தாள். முதலில் ஒரு கிழிந்த திரைச்சீலை வந்தது. அப்புறம் முழங்கை போன ஸ்வெட்டர். அதற்கும் கீழே, குமாஸ்தா கல்லூரியில் போட்ட பேண்ட்.

“இந்தப் பேண்டையா தூக்கிட்டு நடந்து வந்தீங்க?”

“டீ செட்டு... டீ செட்டு எங்கே?”

“காலைல பாத்தேன். துணிப் பெட்டியை நகர்த்தினா உள்ள கலகலன்னு சத்தம். சீட்டை மாத்தி ஒட்டியிருக்கீங்க. உங்க ஞாபக மறதிதான் தெரிஞ்ச விஷயமாச்சே, நானே சரியா ஒட்டி வச்சுட்டு வந்தேன்.”

“அப்போ அந்தக் கண்ணாடிப் பெட்டி...”

“அதுலதான் இருக்கு. ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு?”

கீழே படிக்கட்டில் ‘தடால்’ என்று ஒரு சத்தம். குமாஸ்தா கண்ணை மூடிக்கொண்டார். பழைய வீட்டின் சாவி இன்னும் தன் பையில்தான் இருக்கிறது என்பது ஞாபகம் வந்தது.

கண்ணைத் திறந்தபோது லோடுமேன் வாசலில் நின்றிருந்தார். ‘கண்ணாடி! கவனம்!’ பெட்டி அவர் தோளில்கூட இல்லை; இரண்டு கையிலும் ஏந்தியிருந்தார். பக்கவாட்டில் நடந்து வந்து, மண்டியிட்டு, மெதுவாகத் தரையில் வைத்தார்.

“சத்தம் கேட்டுச்சாம்மா? அது வாளிங்க.”

மாமியார் தானே எழுந்து வந்து ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணினார். பத்து. ஒரு கீறல்கூட இல்லை.

“பரவாயில்லையே! மாப்பிள்ளை நல்லாத்தான் கட்டியிருக்கார்.”

குமாஸ்தா அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் இருபத்திரண்டு வருஷ அனுபவம் கண் முன்னே பொய்யாவதை அவரால் தாங்க முடியவில்லை.

“நான்தான் தூக்கிப் போடச் சொன்னேனே, ஏன் போடல?”

மனைவியும் மாமியாரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள்.

லோடுமேன் தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“சொன்னீங்க சார். ஆனா மேல கண்ணாடின்னு எழுதியிருக்கே! அதைப் படிச்சுப் பாத்துட்டும் தூக்கி வீச, இது என்ன பார்சல் ஆபீஸா?”