மழை வரும் போல

மனித குலம் மனத்தில் உள்ளதை வாயால் சொல்லும் காட்டுமிராண்டித்தனத்திலிருந்து விடுபட்டது பிரிக்பீல்ட்ஸில்தான். அதுவும் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் மேல்மாடியில். 'நவீன அமெரிக்கப் புனைகதை வாசகர் வட்டம்' மாதம் இருமுறை அங்கே கூடியது.

அந்தக் கதைகளில் கணவனும் மனைவியும் இருபது பக்கம் பழுதான ஐஸ்பெட்டியைப் பற்றிப் பேசுவார்கள். குடும்பம் உடைந்துவிட்டதென்று வாசகர் 'உய்த்துணர' வேண்டும். "ஏன்?" என்று கேட்பவர் இலக்கியத்துக்கு லாயக்கற்றவர். அந்தச் சொல்லுக்கு வட்டத்தில் தடையே உண்டு.

தலைவர் ரிஷி வங்கி அதிகாரி. கிள்ளானிலிருந்து ரயிலில் வரும் ஆசிரியை ஷாமினி என்றால் அவருக்கு உயிர். கல்யாணம் செய்துகொள்வோமா என்று கேட்க நாக்கு துடிக்கும். ஆனால் கேட்டுவிட்டால் இலக்கியம் என்னாவது?

"மழை வரும் போல இருக்கே," என்பார்.

"வரும் லா," என்பாள் ஷாமினி.

என்ன ஆழம்! ரிஷிக்குப் புல்லரிக்கும். இப்படியே இரண்டு வருடம் புல்லரித்தார்.

ஒருநாள் அவளே வாய் திறந்தாள். "வீட்டுல மாப்பிள்ளை பாக்குறாங்க, சார். நீங்க ஏதாச்சும் சொல்லணுமா?"

"சாயங்காலம் பெய்யும்," என்றார் ரிஷி, ஜன்னலைப் பார்த்து.

செயலாளர் டொரத்தி தலையில் அடித்துக்கொண்டார்.

அடுத்த மாதம் ஷாமினி ஓர் உறையை மேசைமேல் வைத்தாள். ரிஷி அதைத் தூக்கிப் பிடித்தார். "நாலு மூலையிலயும் மஞ்சள். நடுவுல வெறுமை! கவனிச்சீங்களா?"

"அது கல்யாணப் பத்திரிகை, சார்," என்றார் டொரத்தி.

"மேலோட்டமா பாத்தா அப்படித்தான் தெரியும்."

"உள்ள தொறந்து பாருங்க லா!"

திறந்தார். மணமகள் ஷாமினி, மணமகன் குகன். கீழே சாப்பாட்டுக் கடை நடத்துபவன், வாழ்நாளில் ஒரு நாவலும் படிக்காதவன். தடை செய்யப்பட்ட சொல் ரிஷியின் வாயிலிருந்து தானாக வந்து விழுந்தது.

"ஏன்?"

"ரெண்டு வருஷமா மழை வரும் வரும்னு நீங்க சொன்னீங்க, சார்," என்றாள் ஷாமினி. "குடை கொண்டாந்து ஸ்டேசன் வரைக்கும் விட்டது அவருதான்."

அன்றைய கூட்டக் குறிப்பை டொரத்தி ஒரே வரியில் முடித்து, தலைவரிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டார்: "வட்டம் இவ்வளவு நாள் தேடிய வெறுமை இன்று கண்டெடுக்கப்பட்டது. இடம்: தலைவர் நாற்காலி."