பின்சீட்டுப் பாரம்

பாலத்து மேட்டில் பாதிகூட ஏறவில்லை. லென்ஸ்காரருக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர் அவர். சைக்கிள் புதுசு. வாங்கிய அன்று மனைவியிடம் பெருமை அடித்திருந்தார். "என்ன வண்டி தெரியுமா? பாப்பா பின்னாடி இருக்கறதே தெரியல." இப்போது யானையைக் கட்டி இழுப்பதுபோல இருந்தது.

பின்சீட்டில் மகள் அவர் முதுகில் நெற்றியைச் சாய்த்திருந்தாள். வாசற்படியில் நின்று தானே ஏறிக்கொள்வாள். பையைத் தொட விடமாட்டாள். வழியில் இருவரும் பேசுவதில்லை. அந்த நெற்றிச் சூடு போதும் அவருக்கு.

பள்ளி வாசலில் அவர் ஒற்றைக் காலை ஊன்றி நிற்க, வாட்ச்மேன் பாப்பாவைப் பையோடு தூக்கி இறக்கினார். அங்கிருந்து கடைவரை சைக்கிள் சிட்டாய்ப் பறந்தது. இரும்பு சூடேற நேரமாகும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

முதலாளி வாசலிலேயே நின்றிருந்தார்.

"தினமும் இதே கதையா? இன்னொரு நாள் லேட்டா வந்தீங்க, ஊருக்கு வெளிய இருக்கற பட்டறைக்கு மாத்திடுவேன். அங்க ஆறு மணிக்கே வேலை."

ஆறு மணி என்றால் பாப்பா வேனில்தான் பள்ளிக்குப் போகவேண்டும். அவருடைய முதுகு சும்மா போகும்.

அன்று மாலை செயினுக்கு எண்ணெய் விட்டார். கால்சட்டை கறுப்பானதுதான் மிச்சம். மறுநாள் காலை, பள்ளிக்குப் போகும் வழியில் சைக்கிள் கடைக்காரரிடம் நிறுத்தினார்.

"காத்து பத்தலண்ணே," என்று கடைக்காரர் டயர் விறைக்கும்வரை அடித்துவிட்டார். அதன் பிறகு ஒவ்வொரு பள்ளத்திலும் பின்னால் ஏதோ 'டொக்' என்றது.

"என்னம்மா சத்தம்?"

"டிபன் பாக்ஸ்ப்பா."

நல்லவேளை, அன்று முதலாளி வர அவரைவிடத் தாமதமானது. இரவோடு இரவாக லென்ஸ்காரர் மட்கார்டு, ஸ்டாண்டு, பெல் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டார்.

"பாரத்தைக் குறைச்சுட்டேன். நாளைக்குப் பாரு, பூ மாதிரி போகும்."

சாப்பிட்டுக்கொண்டிருந்த மகள் அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

"அது கெடக்கட்டும்," என்றாள் மனைவி. "செடித் தொட்டியைச் சுத்தி வச்ச கல்லையெல்லாம் காணோம். யாரு எடுக்கறா?"

"பூனையா இருக்கும்," என்றார் லென்ஸ்காரர்.

"கல்லு திங்கற பூனையா?"

அவர் மனசு முழுக்க சைக்கிள்தான்.

விடிந்ததும் சீக்கிரமே கிளம்பினார். வண்டி முன்னெப்போதையும்விடக் கனத்தது. மட்கார்டு இல்லாததால் சேறு முழங்கால்வரை அடித்தது. மேட்டில் இறங்கித் தள்ள ஆரம்பித்தார்.

"நீயும் இறங்கி நடக்கறியாம்மா?"

"வேணாம்ப்பா. நான் இங்கயே இருக்கேன்."

ஸ்டாண்டு இல்லாததால் பள்ளிச் சுவரில் வண்டியைச் சாய்த்துவிட்டு, வாட்ச்மேன் வருவதற்குள் முதல் தடவையாக அவரே மகளைத் தூக்கினார். குப்புற விழாத குறை. பை பிடுங்கிக்கொண்டு சரிந்தது. உள்ளேயிருந்து கற்கள் உருண்டன. மகள் திரும்பிப் பார்க்காமல் வகுப்புக்கு ஓடிவிட்டாள்.

வாட்ச்மேன் ஒன்றொன்றாகப் பொறுக்கினார். "தினமும் குடுத்துட்டுப் போகும் சார். வீட்ல வேண்டாத கல்லுன்னு நெனச்சேன். பூச்செடிக்கு வரப்பு கட்டிட்டேன், பாருங்க."

வரப்பு அழகாகத்தான் இருந்தது. அத்தனையும் அவர் வீட்டுக் கல்.

இப்போது மிதித்தால் நேரத்துக்குக் கடையைப் பிடித்துவிடலாம். லென்ஸ்காரர் பெடலில் காலை வைத்தார். அழுத்த முடியவில்லை.

"எதுக்குன்னு கேட்டீங்களா?"

"கேக்காம இருப்பனா?" வாட்ச்மேன் கடைசிக் கல்லை வரப்பில் பொருத்தினார். "அது பின்னாடி இருக்கறதே உங்களுக்குத் தெரியலன்னீங்களாமே சார். தெரியட்டும்னுதானாம்."