கடலைப் பார்த்த கல்

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். எந்தப் பிழைக்கும் படிப்பில்லை என்று சொல்லித் தப்பிவிடுவேன். ஒன்றில் மட்டும் தப்ப முடியவில்லை. அது இன்றைக்கும் எங்கள் ஊர் சல்லியில் வீதியோரம் நிற்கிறது.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கடலுக்குப் போவேன். மாரியில் கடல் பொங்கினால் கொத்து வேலை. (இரண்டிலும் பெரிய பெயரில்லை.) கலாவைக் கட்ட விருப்பம். கலாவின் அப்பா எங்கள் கடற்கரைச் சங்கத்தின் தலைவர். பெண் கேட்டு ஆள் அனுப்பினேன். பதில் வரவில்லை. வேலை வந்தது.

வீதி போடுவதற்கு முன் எங்கள் ஊருக்கு எல்லாமே வள்ளத்தில்தான் வரும். அரிசியும் வரும், மாப்பிள்ளையும் வருவார். பழைய துறையில் தோணி விட்டவர் கலாவின் அப்பப்பா. அந்த இடத்தில் ஒரு ஞாபகக் கல் நடுவதாகச் சங்கம் தீர்மானித்தது. எழுத்து வெட்டிய கல் டவுனிலிருந்து வந்தது.

தலைவர் கூப்பிட்டார். "தம்பி, எங்கட அப்பற்ற பேர் இருக்கிற கல்லு. ஒழுங்கா நடு. மற்றக் கதையைப் பிறகு கதைப்பம்."

நட்டேன். உப்புக் காற்றுக்குத் தாங்க வேண்டுமென்று இரண்டு மடங்கு சீமெந்து போட்டேன். கையோடு நானே துணியால் மூடிக் கட்டினேன். மூன்று நாள் இறுக விட்டேன். கல்யாணமே முடிந்த மாதிரி நித்திரை கொண்டேன்.

திறப்புவிழாவுக்கு ஓர் அதிகாரி வந்தார். வெள்ளைக் காற்சட்டை. ஊர் முழுக்க வீதியில் நின்றது. துணியை இழுத்தார். கல் மொட்டையாக இருந்தது. ஓர் எழுத்தும் இல்லை.

அதிகாரி மரியாதையான மனுசன். முதலில் கை தட்டினார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "எழுத்து இனித்தான் வெட்டப்போறியளோ?"

"பின்னால இருக்கு ஐயா," என்றேன்.

பின்னால் என்றால் கடல். மேடு சரிந்து நேரே தண்ணீருக்குள் இறங்கும். அதிகாரி சப்பாத்தைக் கழற்றினார். முழங்கால் தண்ணீரில் நின்று அண்ணாந்து வாசித்தார். இரண்டாவது வரியில் ஒரு பெரிய அலை வந்தது. காற்சட்டையின் வெள்ளை அத்தோடு முடிந்தது.

தலைவர் என் பக்கம் திரும்பினார். "ஏன்டா கடலைப் பாத்து நட்டனீ?"

"துறை எண்டு எழுதியிருந்தது ஐயா. துறைக்கு ஆள் கடலாலதானே வாறது."

"இப்ப ஆரடா கடலால வாறான்? எல்லாரும் பஸ்ஸிலயெல்லோ வாறாங்கள்!"

நான் கடலில் நின்று கரையைப் பார்த்து வளர்ந்தவன். கோயிலும் பனையும்தான் எங்களுக்கு வழிகாட்டி. அடையாளம் என்றால் கடலைப் பார்த்து நிற்கும். வேறு பக்கம் ஒன்று இருப்பது எனக்குத் தோன்றவேயில்லை.

கல்லைப் பெயர்க்க இரும்பு அலவாங்கு கொண்டு வந்தார்கள். நாலு பேர் நெம்பினார்கள். அலவாங்கு வளைந்தது. கல் அசையவில்லை.

தலைவரும் தண்ணீருக்குள் இறங்கினார். தகப்பனின் பெயரை இரண்டு தரம் வாய்விட்டு வாசித்தார். ஏறி வந்து கேட்டார்: "அப்பர் கடலால வந்து பாப்பாரெண்டு நினைச்சோ இப்பிடி நட்டனீ?"

கூட்டத்துக்குள் நின்ற என் கூட்டாளி 'ஓம் எண்டு சொல்லு' என்று கண்ணைக் காட்டினான். சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே மாலை மாற்றியிருப்பார்கள்.

"இல்லை ஐயா. யோசிக்கேல்ல."

"மோடன்," என்றார். போய்விட்டார்.

அன்றைக்கு வீட்டில் அவர் கத்தியதைக் கலா பிறகு சொன்னாள். "உந்த மோடனையோ உனக்குக் கேக்குது?" என்றாராம். கலா கேட்டாளாம்: "கல்லு ஆடேல்லத்தானே அப்பா?"

"அலவாங்குதான் வளைஞ்சது," என்றாராம் அவர். பிறகு பஞ்சாங்கத்தை எடுத்தாராம்.

தையில் கல்யாணம். அதற்குள் பஸ்காரர்கள் அந்த இடத்துப் பஸ் தரிப்புக்கு மொட்டைக்கல் என்று பெயர் வைத்துவிட்டார்கள். எங்கள் கல்யாணக் கார்டில், 'மொட்டைக்கல்லடியில் இறங்கவும்' என்று தலைவர் மாமாவே அச்சடிக்க வேண்டி வந்தது. (வேறு எப்படிச் சொல்லியும் ஒருவருக்கும் இடம் விளங்கவில்லை.)

பதினெட்டு வருசமாகிறது. நான் அலுமாரிக் கதவை மாறிப் பொருத்தினாலும் சரி, சேர்ட்டைப் புறம்மாறிப் போட்டாலும் சரி, கலா கோபிப்பதில்லை. மகளைக் கூப்பிட்டுச் சொல்வாள்:

"அப்பாவை ஒண்டும் சொல்லாத பிள்ளை. கடலில இருந்து பாத்தாச் சரிதான்."