கூடவே வந்த வெள்ளை வண்டி

பக்கவாட்டுக் கண்ணாடியில், பின்னால் ஒரு கேரவன் வீட்டை இழுத்துக்கொண்டு வரும் அந்த வெள்ளை வண்டி மறுபடியும் தெரிந்தது.

"அதேதான்," என்றார் டாரல். "நேத்து காலையிலேர்ந்து அதே வண்டி, அதே ஓட்டைக் கேரவன். நம்மள விடமாட்டேங்குது."

"டாரல்," என்றாள் அவர் மனைவி லினெட், மடியிலிருந்த நாவலிலிருந்து தலையைத் தூக்காமல். "கிளம்பறப்ப நான் என்ன சொன்னேன்?"

என்ன சொன்னாள் என்பது டாரலுக்கு நன்றாகவே தெரியும். போன வருடப் பயணத்தில், பக்கத்துக் கேரவன்காரரைத் தப்பியோடிய கைதி என்று டாரல் போலீசுக்குத் தகவல் கொடுத்திருந்தார். போலீஸ் வந்து பார்த்தால் அவர் ஓய்வுபெற்ற நீதிபதி. இந்த வருடம் யாரையாவது சந்தேகப்பட்டால், மகள் டில்லியை அழைத்துக்கொண்டு நடுவழியில் வரும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரத்திலிருந்து விமானத்தில் வீட்டுக்குப் போய்விடுவேன், நீ கேரவனைத் தனியாக இழுத்துக்கொண்டு வா என்று லினெட் சொல்லியிருந்தாள். அவள் சொன்னால் செய்கிற ஆள்.

"நான் சந்தேகப்படல. கவனிக்கறேன், அவ்வளவுதான்."

"அம்மா, நீ படி," என்றாள் பின் இருக்கையிலிருந்து டில்லி. "கசாப்புக் கத்திய சமையல்காரன் எங்க ஒளிச்சு வச்சான்?"

இந்தப் பாலைவனச் சாலையில் போன் எடுக்காது, பாட்டு கேட்காது. அதனால் லினெட் முந்நூறு பக்கக் கொலைக் கதை ஒன்றை முதல் பக்கத்திலிருந்து உரக்கப் படித்துக்கொண்டு வந்தாள். ஆட்டுப் பண்ணை முதலாளி ஒருவன் கம்பளி கத்தரிக்கும் கொட்டகையில் செத்துக் கிடக்கிறான். சமையல்காரனா, மனைவியா, கால்நடை மருத்துவரா என்று தெரியவில்லை. லினெட் ஒவ்வொருவருக்கும் ஒரு குரல் வைத்திருந்தாள்.

துணைக்கு இருந்தது, மைக் பொத்தானை அமுக்கிப் பேசினால் பக்கத்து வண்டிகளுக்குக் கேட்கும் ரேடியோ ஒன்றுதான். எல்லோரையும் போல டாரலும் கேரவனின் முதுகில் 'டாரல் - லினெட், சேனல் 18' என்று கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தார். வழியில் போகிற வருகிற கேரவன்காரர்கள் எல்லாம் அதில் கூப்பிட்டு நலம் விசாரிப்பார்கள். நேற்றுக் காலை யாருக்கோ வணக்கம் சொல்லிவிட்டு மைக்கை இருக்கைகளுக்கு நடுவே போட்டார், அதன்மேல் லினெட் தேநீர் பிளாஸ்க்கைச் செருகினாள். அதிலிருந்து ரேடியோ மூச்சே விடவில்லை.

"கடைக்காரன் செத்த சாமானைத் தலையில கட்டிட்டான்," என்றார் டாரல்.

"இப்ப கடைக்காரனா?"

டாரல் வேகத்தைக் குறைத்தார். வெள்ளை வண்டி முந்திப் போகட்டுமே. அது போகவில்லை, அதுவும் குறைத்தது. வேகமாக அழுத்திப் பார்த்தார். அதுவும் அழுத்தியது.

பெட்ரோல் பங்கில் வெள்ளை வண்டியிலிருந்து ஒரு கிழவரும், அகல ஓலைத் தொப்பி போட்ட அவர் மனைவியும் இறங்கினார்கள். டாரல் அவர்கள் காதில் விழும்படி, "இன்னிக்கு இங்கேயே தங்கிடலாம்," என்று சத்தமாகச் சொன்னார். வண்டிக்குள் ஏறியதும், "சும்மா சொன்னேன். முப்பது கிலோமீட்டர் தள்ளி ஓய்விடத்துல நிறுத்தப் போறோம். அந்தக் கிழவி தொப்பியப் பாத்தியா? காக்கா விரட்டற பொம்மை மாதிரி," என்று சிரித்தார்.

ஓய்விடத்தில் அவர் அடுப்பைப் பற்றவைப்பதற்குள் வெள்ளை வண்டி வந்து நின்றது. அதன் பின்னால் புதிதாக இரண்டு கேரவன்கள். கிழவி தலையில் இப்போது தொப்பி இல்லை, துணி கட்டியிருந்தாள்.



"கும்பலா வந்திருக்காங்க," என்றார் டாரல், எல்லோரையும் வண்டிக்குள் திரும்ப ஏற்றி, கதவைச் சாத்தி, எஞ்சினையும் போட்டுவிட்டு. "நம்ம போற இடம் எப்படித் தெரியுது? கேரவனுக்கு அடியில ஏதோ கருவி ஒட்டியிருக்கான். இறங்கிப் பாத்துட்டு வர்றேன்."

சிவப்பு மண்ணில் மல்லாந்து படுத்து, முள் குத்தக் குத்த அவர் கேரவனுக்கு அடியில் தடவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் இரண்டு பூட்ஸ்கள் வந்து நின்றன. கிழவர் குனிந்து பார்த்தார்.

"அங்க கருவி எதுவும் இல்லப்பா. வீணா சட்டைய அழுக்காக்கிக்காத."

சொல்லிவிட்டு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். டாரல் எழுந்த வேகத்தில் இடித்துக்கொண்ட தலை புடைத்துவிட்டது.

வண்டி மறுபடி கிளம்பியது. லினெட் பல்லைக் கடித்துக்கொண்டு கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். அவள் கடைசி அத்தியாயத்துக்கு வந்தபோது கண்ணாடியில் ஏழு கேரவன்கள் வரிசையாகத் தெரிந்தன.

"இன்ஸ்பெக்டர் எல்லோரையும் கொட்டகைக்குள் வரச் சொன்னார்," என்று படித்தாள் லினெட். "'கொன்றது யார் என்று எனக்குத் தெரியும்' என்றார்..."

"அடுத்த ஊர்ல போலீஸ் ஸ்டேஷனுக்கு விடறேன்," என்றார் டாரல். "ஏழு பேரையும் பிடிச்சுக் குடுக்கறேன்."

லினெட் புத்தகத்தைப் பட்டென்று மூடினாள்.

"போதும். ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்ல நானும் டில்லியும் இறங்கிக்கறோம். அதுவரைக்கும் யாரும் பேச வேண்டாம்."

டாரலுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. இவளுக்காகத்தானே இத்தனை காவல்? இரண்டு நிமிடம் போயிருக்கும். பின்னால் வெள்ளை வண்டி விளக்கை விட்டுவிட்டுப் போட்டது. பிறகு ஹாரன். பிறகு ஏழு வண்டிகளும் சேர்ந்து ஹாரன். வெள்ளை வண்டி சீறிக்கொண்டு முந்தி வந்து, முன்னால் போய் ஓரங்கட்டியது.

டாரல் வண்டியை நிறுத்திவிட்டுச் சக்கரம் கழற்றும் ஸ்பானரைக் கையில் எடுத்தார். "கதவைப் பூட்டிக்கோங்க," என்றார்.

துணி கட்டிய கிழவி மூச்சு வாங்க நடந்து வந்தாள். பின்னால் கிழவர், அவருக்குப் பின்னால் இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர்.

"யார் நீங்க? என்ன வேணும்?" என்றார் டாரல்.

கிழவி அவரையும் ஸ்பானரையும் ஒதுக்கிவிட்டு, நேராக லினெட்டின் ஜன்னலுக்குப் போனாள்.

"விமானத்துல போறதுன்னா தாராளமாப் போம்மா. ஆனா அந்தக் கடைசி அத்தியாயத்தப் படிச்சிட்டுப் போ. நாங்க தெக்க போக வேண்டியவங்க, கதைக்காகத்தான் உங்க பின்னாடியே வந்தோம்; உங்க மைக் பொத்தான் அமுங்கிக் கெடக்கறத நேத்தே சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பீங்களே."