வாசல்படி தாண்டாமல் பி.ஏ.

"ஆன்லைன் பி.ஏ.வுக்கு ஒரு அப்ளிகேஷன் இருக்கு மேடம்," என்றாள் அட்மிஷன் ஆபீஸ் தேவதர்ஷினி.

"நேத்து ரெண்டுன்னு சொன்னே?"

"ஒருத்தர் பி.காம்.னு நினைச்சுப் போட்டுட்டாராம். கேன்சல் பண்ணிட்டார்."

"சரி, மிச்சமிருக்கற ஒண்ணு யாரு?"

"நீங்கதான் மேடம். வெப்சைட் வேலை செய்யுதான்னு பார்க்க உங்க பேர்லயே ஒரு அப்ளிகேஷன் போட்டீங்களே."

பானுமதிக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. ஸ்ரீரங்கம் பக்கத்தில் இருந்த அந்தக் கல்லூரியில் பன்னிரண்டு வருஷமாக வரலாறு சொல்லிக்கொடுக்கிறவள். முதல் வருஷ பி.ஏ. வகுப்பில் அறுபது பேர் உட்காரலாம். இந்த வருஷம் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதிலும் மூன்று பேர் மழை பெய்தால் வரமாட்டார்கள், வெயில் அடித்தால் தூங்கிவிடுவார்கள்.

கல்லூரியின் கரஸ்பாண்டென்ட் பீமராவ் போன திங்கட்கிழமைதான் அவளைக் கூப்பிட்டுப் பேசியிருந்தார். எதையும் மின்விசிறிக் கணக்கில் பார்க்கிற மனுஷர் அவர்.

"பதினோரு பேருக்கு எட்டு ஃபேன் சுத்துதும்மா அந்த ரூம்ல! இதுவே ஆன்லைன்னா? அவங்க வீட்டு ஃபேன், அவங்க வீட்டுக் கரண்ட்டு, அவங்க வீட்டு நாற்காலி. நமக்கு ஃபீஸ் மட்டும். அனுமதியெல்லாம் வாங்கியாச்சு. செப்டம்பர் ஒண்ணாம் தேதி காலையில எண்ணுவேன். ஆன்லைன் பி.ஏ.வுல நாப்பது பேர் இருந்தா உங்க டிபார்ட்மென்ட் இருக்கும். முப்பத்தொம்பதுன்னாகூட இழுத்துப் பூட்டிடுவேன். அப்புறம் எங்கிட்ட வந்து கண்ணைக் கசக்கக்கூடாது."

டிபார்ட்மென்ட்டைப் பூட்டினால் பானுமதிக்கு வேலை இல்லை. நாற்பத்திரண்டு வயசில் வேறு எந்தக் கல்லூரி வாசலில் போய் நிற்பது? நிற்கமாட்டேன் என்று அவள் அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டாள். பானுமதி ஒன்றைப் பிடித்தால் லேசில் விடுகிற ஆள் இல்லை. புத்தூரில் அவள் குடியிருந்த தெருவுக்குக் குப்பை வண்டி வரவழைக்க ஏழு மாசம் தினமும் போன் போட்டவள். வண்டி வந்ததோ இல்லையோ, அந்த ஆபீஸில் போன் எடுக்கிறவர் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக ஒரு கட்டு நோட்டீஸோடு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு காட்டூர் போய்ச் சேர்ந்தாள். கைலாசபுரத்துப் பெரிய ஃபேக்டரியில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர்கள் அந்தப் பக்கம் நிறையப் பேர் வீடு கட்டிக்கொண்டு இருக்கிறார்கள். பிள்ளைகள் எல்லாம் பெங்களூரு, சிங்கப்பூர். கையில் நேரமோ நேரம். காலையில் மைதானத்தை நாலு சுற்று சுற்றிவிட்டு மரத்தடியில் உட்கார்ந்து உலகத்தைத் திருத்திக்கொண்டிருப்பார்கள்.

பானுமதி அந்த மரத்தடியில் நின்று பதினைந்து நிமிஷம் பேசினாள். பேசினாளா, முழங்கினாள்!

"வயசு தடையே இல்லைங்க. பஸ் பிடிக்க வேண்டாம், பாலம் தாண்ட வேண்டாம். வீட்டு ஹால்ல உட்கார்ந்தபடியே பட்டம் வாங்கலாம்!"

வீரமலை என்று ஒருத்தர் கையைத் தூக்கினார். ஃபோர்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். குரலைக் கேட்டாலே தெரிந்தது.

"மேடம், என் பேச்சுக்கு அறுபது பேர் அடங்கி நின்னாங்க. நான் போயி இந்த வயசுல 'யெஸ் மிஸ்' சொல்லணுமா?"

மரத்தடி முழுக்கச் சிரிப்பு. நோட்டீஸை எல்லாரும் மரியாதையாக வாங்கி, மரியாதையாக மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்கள். ஒருத்தர்கூடப் பேர் கொடுக்கவில்லை. பானுமதி மிச்ச நோட்டீஸைக் கட்டிக்கொண்டு ஸ்கூட்டியைத் திருப்பினாள்.

செவ்வாய்க்கிழமை தேவதர்ஷினி மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"மேடம்! இருபத்தாறு!"

"என்னடி இருபத்தாறு?"

"அட்மிஷன் மேடம்! எல்லாம் காட்டூரு! ராத்திரியிலேர்ந்து வந்துக்கிட்டே இருக்கு!"

பானுமதியின் சோதனை அப்ளிகேஷனை எடுத்துவிட்ட பிறகும் வியாழக்கிழமை அது நாற்பத்து மூன்று ஆனது. பட்டியலில் முதல் பெயரே வீரமலை. 'அட, நம்ம பேச்சுக்கு இவ்வளவு சக்தியா!' என்று பானுமதி கண்ணாடி முன்னால் நின்று தன்னையே ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

பீமராவ் ஆபீஸ் முழுக்க மணப்பாறை முறுக்கு கொடுத்தார். "பார்த்தியாம்மா? கட்டடமே வேண்டாம் இனிமே. மேல் மாடியைக் கல்யாணத்துக்கு வாடகைக்கு விட்டுடலாம்," என்றார். மேல் மாடியில்தான் வரலாற்று வகுப்பு நடந்துகொண்டிருந்தது.

ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி ஆன்லைன் வகுப்பு ஆரம்பமானது. திரையில் நாற்பத்து மூன்று கட்டம். பாதிக் கட்டத்தில் நெற்றி மட்டும் தெரிந்தது, ஒரு கட்டத்தில் சீலிங் ஃபேன் மட்டும் சுற்றியது. மைக்கை அணைக்க யாருக்கும் தெரியவில்லை. குக்கர் விசில், மிக்ஸி, "ஏங்க, காலைத் தூக்குங்க, கூட்டணும்" எல்லாம் கலந்து வந்தது.

பானுமதி கல்லணையில் ஆரம்பித்தாள். உடனே வீரமலையின் கை உயர்ந்தது.

"மேடம், கல்லணை கட்டினப்ப எத்தனை ஷிஃப்டு?"

"அந்தக் காலத்துல ஷிஃப்டெல்லாம் ஏதுங்க..."

"ஷிஃப்டு இல்லாம இவ்வளவு பெரிய வேலை நடக்காது மேடம். ஓவர்டைம் எப்படிக் குடுத்தாங்க?"

ஒன்றரை மணி நேரம் கேள்வியாகக் கேட்டுத் தள்ளினார்கள். பானுமதிக்கு உச்சி குளிர்ந்துபோனது. பன்னிரண்டு வருஷத்தில் அவளிடம் மாணவர்கள் கேட்ட ஒரே கேள்வி 'மிஸ், இது எக்ஸாம்ல வருமா' என்பதுதான். இங்கே பாடம் முடிந்தும் யாரும் எழுந்து போகவில்லை.

அஞ்சாம் நாள் காலையில் தேவதர்ஷினி கூப்பிட்டாள். குரல் இறங்கியிருந்தது.

"மேடம், மூணு பேர் விலகிட்டாங்க. மாசக் கடைசிக்குள்ள விலகினா ஃபீஸ் முழுசா திரும்பக் குடுக்கணுமே, அதைக் கேக்கறாங்க."

"காரணம்?"

"குடும்பச் சூழ்நிலைன்னு போட்டிருக்கு. மூணுலயும்."

பானுமதி அந்த மூவரில் அழகர்சாமி என்பவரைப் போனில் பிடித்தாள். மனுஷர் அழாக்குறையாகப் பேசினார்.

"எனக்கு இஷ்டந்தான் மேடம். வீட்ல ரொம்பச் சிரமமா இருக்குங்கறாங்க. மேற்கொண்டு கேட்டா பேச்சு வளருது. விட்டுடுங்க."

வீட்டில் சிரமம்! பானுமதிக்குச் சட்டென்று விளங்கியது. பத்து மணி என்று நேரம் வைத்ததுதான் தப்பு. வீட்டில் ஆயிரம் வேலை இருக்கும், அந்த நேரம் பார்த்து இவர் ஹாலில் உட்கார்ந்தால்? அன்றைக்கே எல்லாப் பாடத்தையும் பதிவு பண்ணிப் போட்டாள். 'இனி காலை ஐந்து மணி முதல் இரவு வரை எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம்' என்று எல்லாருக்கும் செய்தி அனுப்பினாள்.

மறுநாள் ஏழு பேர் விலகினார்கள்.

"முப்பத்து மூணு மேடம்," என்றாள் தேவதர்ஷினி.

பானுமதி உட்கார்ந்து யோசித்தாள். வயசானவர்கள், சின்ன போனில் மணிக்கணக்கில் பார்த்தால் கண் வலிக்காதா? வீட்டில் இருப்பவர்கள் கவலைப்படத்தானே செய்வார்கள்! கம்ப்யூட்டர் டிபார்ட்மென்ட்டைக் கெஞ்சிக் கூத்தாடி, பாடத்தை டிவியில் போட்டுப் பார்க்க வழி பண்ணினாள்.

வீரமலை அவரே போன் பண்ணி வாழ்த்தினார்.

"பிரமாதம் மேடம்! அம்பத்தஞ்சு இன்ச்சுல பார்க்கறேன். சாயந்தரம் ஆறரைக்குப் போட்டா பத்து மணி வரைக்கும் எங்க வீட்ல சோழர்தான்!"

"வீட்ல எல்லாரும் பார்க்கறாங்களா சார்?"

"வேற வழி? ஒரு டிவிதானே!"

மறுநாள் பன்னிரண்டு பேர் போனார்கள். மிச்சம் இருபத்தொன்று.

பீமராவ் கூப்பிட்டு விட்டார். முறுக்கு இல்லை.

"என்னம்மா நடக்குது? ஓட்டைக் குடத்துல தண்ணி பிடிக்கறியா?"

"எனக்கு நாலு நாள் குடுங்க சார். ஒருத்தர் விடாமத் திருப்பிக் கொண்டாந்துடறேன்," என்றாள் பானுமதி. சொன்ன பிறகுதான் எப்படி என்று யோசிக்க ஆரம்பித்தாள்.

மூன்றாவது வைத்தியம் அவளுக்கு ஸ்கூட்டியில் வரும்போது தோன்றியது. தனியாகப் படித்தால் யாருக்கும் சலிப்புதான். சலித்துப்போனவர் வீட்டில் சிடுசிடுப்பார், வீட்டில் சண்டை வரும். கூட்டாளிகளோடு படித்தால் உற்சாகமாக இருக்குமே! அஞ்சு பேருக்கு ஒரு குழு, முறை வைத்து ஒவ்வொரு நாள் ஒரு வீடு, அந்த வீட்டு ஹாலில் கூடிப் படிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டாள். விலகினவர்களும் சும்மா வந்து கலந்துகொள்ளலாம் என்று பெரிய மனசு பண்ணிச் சேர்த்து எழுதினாள்.

ஆம்பிளைகள் கொண்டாடித் தீர்த்துவிட்டார்கள். ஃபேக்டரிப் பழக்கம், பத்து மணிக்கு ஒரு டீ, பன்னிரண்டரைக்குச் சாப்பாடு, மூணு மணிக்கு வடையோடு இன்னொரு டீ. எல்லாம் நேரம் தவறாமல் நடந்தது. போட்டோ எடுத்து அனுப்பினார்கள். அதைப் பார்த்துப் பானுமதி, 'இப்ப என்ன பண்ணுவீங்க!' என்று விதியைப் பார்த்துச் சவால் விட்டாள்.

ரெண்டே நாளில் இன்னும் ஒன்பது பேர் காலி.

ஆகஸ்ட் முப்பதாம் தேதி பீமராவ் அவளை நேருக்கு நேர் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துப் பேசினார்.

"ரெகுலர்ல பதினொண்ணு. ஆன்லைன்ல பன்னண்டு. நான் பூட்டு வாங்கிட்டேன்மா. நல்ல பூட்டு."

பானுமதி படியிறங்கி வந்து, ஸ்கூட்டியில் உட்கார்ந்து, ஹெல்மெட்டுக்குள்ளேயே கொஞ்ச நேரம் அழுதாள். அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள். நாளைக்கு ஒரு நாள் இருக்கிறது. ஒருத்தர் வீட்டு மனசைத் தெரிந்துகொண்டால் போதும், நாற்பதையும் திருப்பிவிடலாம். நேரே காவிரிப் பாலம் தாண்டிக் காட்டூர், வீரமலை வீடு.

கதவு திறந்தே இருந்தது. ஹாலில் அஞ்சு பேர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். தரை முழுக்க வேர்க்கடலைத் தோல். டிவியில் பானுமதியே ஆளுயரத்துக்கு நின்று உறையூரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள்.

"அடடே, வாங்க மேடம், வாங்க! நூறு வயசு உங்களுக்கு!" என்று எழுந்தார் வீரமலை. "மணிமேகலை! மேடத்துக்கு ஒரு டீ. அப்படியே எங்களுக்கும் அஞ்சு."

உள்ளே ஒரு பாத்திரம் தேவைக்கு அதிகமான சத்தத்தோடு கீழே இறங்கியது.

பானுமதி நேரே சமையலறைக்குள் போனாள். வீரமலையின் மனைவி மணிமேகலை அடுப்படியில் நின்றபடி போனில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தாள். திரையில் கல்லூரியின் விலகல் படிவம். 'குடும்பச் சூழ்' வரைக்கும் அடித்திருந்தாள்.

"அம்மா, ஒரு நிமிஷம்!" பானுமதி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்களுமா? உங்க வீட்டுக்காரர்தாங்க என்னோட முதல் மாணவர். இந்த வகுப்புல நாப்பது பேர் இல்லேன்னா நாளன்னைக்கு என் டிபார்ட்மென்ட்டைப் பூட்டறாங்க, என் வேலையும் போச்சு. என்ன குறைன்னு வாயைத் திறந்து சொல்லுங்கம்மா. நேரத்தை மாத்தணுமா? இன்னும் வசதி பண்ணணுமா? எது வேணாலும் செய்யறேன். அவரு இந்த வாசல்படியைக்கூடத் தாண்ட வேண்டியதில்லை!"

மணிமேகலை ஹாலை ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். பானுமதியை ஒரு தடவை பார்த்தாள். அடுப்பை அணைத்தாள்.

"சட்டைப் பையில இருந்த நோட்டீஸ்ல காலேஜ்ங்கறதை மட்டுந்தான் பார்த்தோம். வாசல்படி தாண்டணும்னுதானே மேடம் நாங்க பொம்பளைங்க நாப்பத்துச் சொச்சம் பேரும் ஆளுக்கு ஆள் பேசிவெச்சு இவங்களைக் காலேஜுல சேர்த்தோம்! காலையில கூட்டிட்டுப் போயி சாயந்தரம் கொண்டாந்து விடற மாதிரி ஏதாவது காலேஜ் இருந்தா சொல்லுங்க, ரெண்டு பங்கு ஃபீஸ்னாலும் நாளைக்கே கட்டறோம்!"